மொட்டைக் கடிதத்தில் பதினேழு பிழை

பாக்கியசாமி அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தால் வழக்கு நல்லபடியாகப் போகிறது என்று பொருள். அன்று மதியம் ஒன்றே காலிலிருந்து அவர் உட்காரவே இல்லை. கையில் ஒரு கடிதம், காதில் செருகிய சிவப்புப் பென்சில், சன்னலுக்கும் கதவுக்கும் இடையே ஓயாத நடை. எங்கள் அலுவலகம் பினாங்கு சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடி. தரை முழுவதும் பலகை. கீழே இருக்கும் கடைக்காரர் கழியால் இரண்டு முறை இடித்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்.

"பதினேழு!" என்றார் அண்ணன். "ஒரே பக்கத்துல பதினேழு பிழை, ஜபரு. இத எழுதுன கைய என்ன செஞ்சா தகும்?"

"அண்ணே, அந்தம்மா அழுதுகிட்டு இருக்காங்க. பிழைய அப்புறம் எண்ணலாம்லா."

அந்தம்மா என்பது அமலம்மாள். டத்தோ கிராமாட் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஐரீனின் தாயார். நாங்கள் இருவரும் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாக்கியசாமி அண்ணன் கோர்ட்டில் பதினோரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரு திருட்டு வழக்கில் சாட்சி, "நானும் அவனும் போனான்" என்று சொல்லியிருக்கிறான். இவரால் பொறுக்க முடியவில்லை. "போனோம்" என்று திருத்தி மொழிபெயர்த்துவிட்டார். அந்த ஒரு திருத்தத்தில் சாட்சியும் திருட்டுக்குப் போனவனாகிவிட்டான். அத்துடன் இவருடைய வேலை போயிற்று. அதற்குப் பிறகு துப்பறிகிறார். நான் ஜபருல்லா, அவருடைய உதவியாளன். இந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்தான் திருத்தினார். ஆகவே பிழை கண்டால் அவரிடம் போங்கள். சிரிப்பு வந்தால் என்னிடம் வாருங்கள்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றேன்.

"நேத்து சாயந்தரம் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் சுப்பையா இந்தக் காயிதத்த எம்மககிட்ட குடுத்தாருங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. எழுதுன ஆளே வந்து பொய்யின்னு சொன்னாத்தான் விடுவாராம். இல்லாட்டி நாளையிலருந்து வேலை இல்ல." அமலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அவ அப்பா போனதுலருந்து அவளாலதான் வீட்டுல அடுப்பு எரியுது. ரப்பர் விலை விழுந்தப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் புதுசா ஆள் எடுக்கல."

"ஐரீன் என்ன சொல்லுது?"

"அதாங்க எனக்குப் பயமே. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. மீன் சுத்தி வர்ற காயிதத்தக்கூட சிவப்பு மையில திருத்திட்டுத்தான் தூரப் போடுவா. எங்க மாமனார் கல்லறையில வெட்டியிருந்த எழுத்தையே சாக்பீஸால திருத்துனவ. ராத்திரி பூரா இந்தக் காயிதத்த மேசையில வச்சுப் பாத்துகிட்டே இருந்தா. அழவும் இல்ல, பேசவும் இல்ல."

அண்ணன் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது:

'கமிட்டி தலைவர் அவர்களுக்கு தெரியபடுத்துவது என்னவென்றால். ஐப்பசிக்கு அடுத்த மாசம் வரும் விளக்கு திருநாள் அன்று ஐரீன் டீச்சர் ஆறு பிள்ளைகளை வேதக்கோயிலுக்கு அழைத்து போனார்கள். பிள்ளைகள் முட்டி போட்டது. கும்பிட்டது. நம் பள்ளி சுவற்றில் ஏசு படம் மாட்டுவதற்க்குள் தடுக்கவும்...'

இன்னும் பாதிப் பக்கம் அதே போக்கில் போயிற்று. கடைசியில் 'உண்மை விளம்பி' என்று ஒரு கையெழுத்து.

ஐரீன் டீச்சர் மேல் கோபமுள்ளவர்கள் யார் என்று கேட்டால், பினாங்கில் கடைப்பலகை வைத்திருக்கும் அத்தனை பேரும் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளூர் வாரப் பத்திரிகையில் 'சொல் திருத்தம்' என்ற பகுதியை எழுதுவது அவர்தான். ஊரில் கண்ணில் பட்ட பிழையெல்லாம் கடைப்பெயரோடு அதில் வந்துவிடும். என் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் 'ஆட்டுக்கறி கிடைக்கப்படும்' என்று பலகை இருந்தது. கிடைக்கும் என்றாலே போதும், கிடைக்கப்படும் என்று ஒரு சொல் தமிழில் இல்லை என்று டீச்சர் எழுதினார். மாமா வீம்பாக 'படும்' என்பதை மட்டும் சுண்ணாம்பு பூசி மறைத்தார். இப்போது எங்கள் குடும்பப் பலகையில் 'ஆட்டுக்கறி கிடைக்கப்' என்று இருக்கிறது.

அந்த நேரத்தில் கீழேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "மஹ்பூபா அத்தாவுக்குச் சோறு வந்திருக்கு!"

மஹ்பூபா என் மகள். அவளுடைய அத்தா நான். என் மனைவி நூர்ஜான் என் பெயரைச் சொல்ல மாட்டாள்; அவள் சொல்லியனுப்பியதைத்தான் கடைக்காரர் அப்படியே கூவினார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. ஒரு முறை திருவிழாக் கூட்டத்தில் நான் தொலைந்து போனபோதுகூடப் போலீஸ்காரரிடம், "மூக்கு நீளமா இருக்கும்" என்றுதான் அடையாளம் சொன்னாளாம். அவர்கள் நீள மூக்குக்காரர் மூவரைப் பிடித்து வந்தார்கள். மூன்றும் நானில்லை.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு நான் என் ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். "அண்ணே, ஐப்பசிக்கு அடுத்த மாசம், விளக்குத் திருநாள்னு சுத்தி வளைச்சு எழுதியிருக்கான் பாருங்க. கார்த்திகை தீபம்னு சொல்லத் தெரியல. இந்து ஆளா இருந்தா பண்டிகை பேரு தெரியாமலா போகும்? இது உங்க கிறிஸ்தவ ஆளுங்க வேலை."

அண்ணனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை. "ஜெயராஜ்," என்றார்.

ஜெயராஜ் அந்த வாரப் பத்திரிகையில் அச்சுக் கோக்கிறவர். அண்ணனைப் போலவே கத்தோலிக்கர். டீச்சர் தம் பத்திரிகையையே விட்டுவைப்பதில்லை. ஜெயராஜ் கோத்த பிழைகளை ஜெயராஜையே கோக்க வைப்பார். அதற்கு ஒரு மனிதன் மொட்டைக் கடிதம் எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அமலம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அச்சகத்துக்கு ஓடினோம். மணி இரண்டு. ஜெயராஜ் எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி நாலு வரி படித்ததும் சிரித்துவிட்டார்.

"ஏண்ணே, ஞாயித்துக்கிழமை பூசையில எம் பக்கத்து பெஞ்சுல உக்காருற மனுசன் நீங்க. நாம என்னைக்காச்சும் 'வேதக்கோயில்'னு சொல்லியிருக்கோமா? நமக்குக் கோயிலுன்னா கோயிலு, இல்லாட்டி மாதா கோயிலு. வேதக்கோயில்னு சொல்றது ரோட்டுல நின்னு பாக்குறவங்க."

அண்ணன் அசந்துபோய் நின்றார். பதினேழு பிழையை எண்ணிய கண்ணுக்கு அந்த ஒரு சொல் தெரியவில்லை. அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததுதான் காரணம்.

"அப்ப கிறிஸ்தவங்க இல்ல," என்றேன். "பண்டிகை பேரு தெரியாததால இந்துவும் இல்ல. மிச்சம் இருக்குறது நாந்தான்."

"நீ பயப்படாத. நீ எழுதியிருந்தா முப்பது பிழை வந்திருக்கும்." எரிச்சலோடு சொல்லிவிட்டு அண்ணன் ஜெயராஜ் பக்கம் திரும்பினார். "டீச்சர் மேல வேற யாருக்குய்யா இவ்வளவு கோவம்?"

"கோவப்படுறவங்க நெறைய. கேவலப்பட்டவரு ஒருத்தருதான்." ஜெயராஜ் குரலைத் தாழ்த்தினார். "கார்த்திகேசு வாத்தியாரு. அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரே. போன மாசம் ஒரு பெரிய துரைக்கு வரவேற்புப் பத்திரம் எழுதி வாசிச்சாரு. அதுல ஒம்பது பிழைன்னு டீச்சர் பேப்பர்ல போட்டுருச்சு. இப்பப் பிள்ளைங்க அவர 'ஒம்பது பிழை வாத்தியார்'னு கூப்புடுதுங்க. பாசார்ல மீன் விக்கிறவன்கூடச் சிரிக்கிறான்."

அங்கிருந்து டிராம் பிடித்தோம். அண்ணன் நின்றுகொண்டே வந்தார். "கார்த்திகேசுக்குக் கார்த்திகை தெரியாதா? அவரு பேரே அதுதானே," என்று கம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். டிராம் ஒவ்வொரு முறை நின்றபோதும் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நாலு மணிக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போகிறது, எங்கள் கையிலோ எந்த மதத்திலும் சேராத ஒரு குற்றவாளி.

தலைமை ஆசிரியர் வீடு டிராம் பாதையை ஒட்டிய சிறிய மரவீடு. கதவைத் திறந்தது அவருடைய மனைவி மீனாட்சியம்மாள். நாற்பது வயதிருக்கும்.

"கார்த்திகேசு வாத்தியார் வீடுதானே?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, அவுங்க வீடுதான். உள்ள வாங்க."

வாத்தியார் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கமிட்டிக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முதல் கேள்வியே, "முயற்சிக்கிறேன் சரியா, முயல்கிறேன் சரியா?" என்பதுதான்.

"முயல்கிறேன்," என்றார் அண்ணன், இதற்காகவே டிராம் ஏறி வந்தவர் போல.

"அந்தப் பொண்ணும் அப்படித்தான் சொன்னா." வாத்தியார் பேனாவை வீசினார். "இந்தாங்க, மறைக்காம சொல்றேன். அவ மேல எனக்குக் கோவம்தான். இருபது வருசமா நான் சம்பாதிச்ச மரியாதைய ஒரே வாரத்துல எடுத்துட்டா. ஆனா நான் சொல்லணும்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன். பேரு போடாமக் காயிதம் எழுதுற புத்தி எனக்கு இல்ல. அதுலயும் 'பிள்ளைகள் முட்டி போட்டது'ன்னு எழுதுறதுக்குப் பதிலா நான் கடல்ல விழுவேன்."

எனக்கு அவரை நம்பத் தோன்றியது. அண்ணனுக்கும் அப்படித்தான் என்பது அவர் மறுபடியும் நடக்கத் தொடங்கியதிலிருந்து தெரிந்தது. மூன்றே எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும் அறை அது. ஒரு முறை திரும்பும்போது சன்னல் விளிம்பில் அவர் பார்வை நின்றது. அங்கே பத்துப் பன்னிரண்டு அகல் விளக்குகள் கரிப்பிடித்துக் கிடந்தன.

மீனாட்சியம்மாள் தேநீரோடு வந்தார். அண்ணன் கோப்பையை வாங்கிக்கொண்டே, ஊர்க்கதை பேசுகிற குரலில் கேட்டார். "நெறைய அகல் வச்சிருக்கீங்களே தங்கச்சி. எப்ப ஏத்துனது?"

"அதுங்களா? ஐப்பசி போயி அடுத்த மாசம் வருமே, விளக்குத் திருநாளு, அன்னைக்கு ஏத்துனது."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மதியத்திலிருந்து அப்போதுதான் உட்காருகிறார். எனக்கும் அதற்குள் விளங்கிவிட்டது. மதியம் கீழேயிருந்து 'மஹ்பூபா அத்தா' என்று கேட்ட குரல் மறுபடியும் காதில் விழுந்தது. பண்டிகையின் பெயர் தெரியாமல் ஒன்றும் இல்லை. அந்தப் பெயருக்குள் புருஷன் பெயர் இருக்கிறது, அதனால் வாயில் வராது. பெயரில்லாக் கடிதம் எழுதுகிறபோதும், யாருமில்லாத அறையிலும், கை அதை எழுத மறுத்திருக்கிறது.

"வாத்தியாரே, நீங்க முன்னால போங்க," என்றார் அண்ணன். "டீயக் குடிச்சிட்டு வர்றோம்."

வாத்தியார் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். அவர் தலை தெருவில் மறைந்ததும் அண்ணன் கடிதத்தை மேசை மேல் விரித்து வைத்தார். மீனாட்சியம்மாள் அதைப் பார்த்தார், தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாளு சாப்புடலங்க அவுங்க," என்றார். "ராத்திரியில எந்திரிச்சு அந்த அகராதிய வச்சுகிட்டு உக்காந்திருப்பாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பிள்ளைங்க கத்துது. எனக்குத் தாங்கல."

"எழுத எங்க கத்துகிட்டீங்க?"

அவர் எழுந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் பிழைகள், பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. எனக்கு அந்தச் சிவப்பு மை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை இவுங்க கோயில் கூட்டத்துக்குப் போயிருவாங்க. அப்ப நான் டீச்சர் வீட்டுக்குப் போவேன். ஒரு வருசமாச் சொல்லிக் குடுக்குது. இவுங்களுக்குத் தெரியாது." மூச்சை இழுத்துக்கொண்டார். "பிள்ளைங்க மழைக்கு அங்க ஒதுங்குனத டீச்சர்தான் எங்கிட்ட வெள்ளந்தியாச் சொன்னுச்சு. நான் அத வச்சே எழுதிட்டேன். கண்டிச்சு விடுவாங்க, பேப்பர்ல எழுதுறத நிப்பாட்டும்னு நெனச்சேன். வேலை போகும்னு நெனைக்கலங்க. டீச்சருக்கு நான்தான்னு தெரிஞ்சா..."

"தெரியும்," என்றார் அண்ணன்.

மீனாட்சியம்மாள் தலையை நிமிர்த்தினார்.

"மீன் காயிதத்தையே திருத்துற பொண்ணு அது. இந்தக் கடிதம் ராத்திரி முழுக்க அதோட மேசையில இருந்திருக்கு. எங்கிட்ட வந்தப்ப இதுல ஒரு சிவப்புக் கோடு இல்ல. இந்தப் பதினேழு கோடும் நான் போட்டது. அது சொல்லிக் குடுத்த எழுத்து அதுக்குத் தெரியாதா? உங்க பேரச் சொன்னா அந்த நிமிசமே அதுக்கு வேலை நெலச்சிரும். சொல்லலையே. சொன்னா இந்த வீட்டுல உங்களுக்கு என்ன நடக்கும், நோட்டு என்ன ஆகும்னு யோசிச்சிருக்கு."

அதைக் கேட்டதும் அவர் அழுதார். சத்தமில்லாமல், வாயில் முந்தானையை வைத்து அழுதார். மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

"நான் போய்ச் சொல்லலாம்," என்றார் அண்ணன். "ஆனா எழுதுன ஆளே வரணும்னு சுப்பையா சொல்லியிருக்காரு. இழுத்துகிட்டுப் போக மாட்டேன். உங்க இஷ்டம், தங்கச்சி."

நாங்கள் வெளியே வந்து தெருவில் நின்றோம். அண்ணன் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது முறை திரும்பியபோது கதவு திறந்தது. மீனாட்சியம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

பள்ளியில் கமிட்டி கூடியிருந்தது. நடுவில் சுப்பையா, பக்கத்தில் கார்த்திகேசு வாத்தியார், இன்னும் இருவர். எதிரே ஒரு மாணவர் பெஞ்சில் ஐரீன் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, கையில் மூடிய குடை. மீனாட்சியம்மாள் உள்ளே வருவதைக் கண்டதும் அவர் வேகமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"யாரும்மா நீங்க?" என்றார் சுப்பையா. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்ணை அவர் பார்த்ததில்லை போலும். "யாரு வீட்டு அம்மா?"

வாத்தியார் பாதி எழுந்தார். அவரே பதில் சொல்லியிருப்பார். மீனாட்சியம்மாள் விடவில்லை.

"நான் கார்த்திகேசு வாத்தியார் சம்சாரம்," என்றார்.

வாத்தியார் எழுந்த கோலத்திலேயே நின்றார். இருபத்து மூன்று வருடத்தில் தம் பெயரை அந்தக் குரலில் அவர் கேட்டதே இல்லை.

"திருக்கார்த்திகை அன்னைக்கு மழை கொட்டுச்சு. பிள்ளைங்க ஒதுங்குறதுக்காக அந்த வேதக்கோயில் வாசல்ல நின்னுச்சு. யாரும் முட்டி போடல. காயிதம் எழுதுனது நாந்தான். எழுதுனது பொய்."

அண்ணன் கடிதத்தை மேசையில் வைத்தார். வாத்தியார் அதைக் கையில் எடுத்துப் படித்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். கோபம் வரப்போகிறது என்று நான் ஓரடி முன்னால் போய் நின்றேன்.

"இத நீயா எழுதுன?" என்றார். "நீயேவா?"

"எழுத்து டீச்சர் சொல்லிக் குடுத்ததுங்க. பொய்யி நானா சேத்தது."

வாத்தியார் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஐரீன் டீச்சர் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்து, எந்தச் சொல் சரியாக இருக்கும் என்று தேடி, கடைசியில் கைகூப்பினார். டீச்சர் பதறி எழுந்து நின்றார்.

"சரி, முடிஞ்சுது," என்றார் சுப்பையா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "டீச்சர் நாளைக்கு எப்பவும் போல வகுப்புக்கு வரட்டும்."

ஐரீன் டீச்சர் வாத்தியார் கையிலிருந்து கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். மீனாட்சியம்மாளின் கையில் வைத்தார். "செவ்வாய்க்கிழமை வாங்கக்கா," என்றார். "இதையும் எடுத்துகிட்டு வாங்க. பதினெட்டு பிழை இருக்கு."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களா அழுதார்களா என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கண்ணும் அப்போது சரியாக இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற பாக்கியசாமி அண்ணனின் முகம் மட்டும் மெல்ல மெல்ல வெளுத்தது.

"பதினேழுதான் ஜபரு," என்றார் வாசலில். "நாலு தடவ எண்ணுனேன்."

"டீச்சர் பதினெட்டுன்னு சொல்லுது அண்ணே."

"எதுய்யா அந்தப் பதினெட்டாவது?"

கடிதமோ மீனாட்சியம்மாளின் முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டது. திரும்பிப் போய்க் கேட்க அண்ணனுக்கு மானம் இடம் தரவில்லை. சூலியா தெருவுக்குத் திரும்பும் டிராமில் இடம் நிறையக் காலியாக இருந்தது. அண்ணன் உட்காரவில்லை.